கூடுதலாய் ஒரு பேர்

வலது கால் விறைச்சுப் போச்சு. தரையில சம்மணம் கட்டி இருத்தினால் நாலு மணித்தியாலமும் அசையாமல் இருப்பன். இந்தப் பிளாஸ்ரிக் கதிரையில அரை மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டால் இடுப்புக்குக் கீழ ஆரோ வேற ஆளின்ர கால் மாதிரிக் கிடக்குது. பிக்குமார் அஞ்சு பேரும் மேடையில வெள்ளைத் துணி விரிச்ச ஆசனத்தில சம்மணம் கட்டித்தான் இருக்கினம், குடுத்துவைச்சவை. அவையின்ர பிரித் ஓதல் ஐம்பது நிமிசம், பிறகு எனக்குப் பத்து, பாதருக்குப் பத்து, மௌலவிக்குப் பத்து, அதுக்குப் பிறகு பிள்ளையளின்ர சத்தியப்பிரமாணம், கடைசியாத் தேத்தண்ணி. எல்லாத்தையும் மூண்டு பாசையிலையும் அடிச்சு ஒரு மட்டையில தந்திருக்கினம். ஐம்பதுக்குப் பத்து எண்டதை நான் ஒரு குறையாச் சொல்லேல்ல, சொல்லி என்ன வரப்போகுது. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் ஓதுகினம். ஆளுக்காள் மூச்சு விடுற இடத்தை மாத்தி மாத்தி விடுகினம், அதால ஓதல் ஒரு இடத்திலையும் அறாது, கேக்கிறவைக்கு அஞ்சு பேருக்கும் ஒரே நெஞ்சு எண்டுதான் தோணும். மந்திரம் சொல்லிப் பிழைக்கிறவனுக்குத்தான் அந்த வேலைப்பாடு விளங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பயம்கூட வராது. இந்தச் சத்தத்தை முந்தி றேடியோவில கேட்டால் எழும்பிப் போய் நிப்பாட்டுவன். இப்ப காலை ஒன்பது மணிக்கு, ஆமி முகாமுக்குள்ள, வேப்பமர நிழலில இருந்து தலையாட்டிக்கொண்டு கேக்கிறன். பக்கத்தில பாதர் எமிலியானுஸ் நித்திரை. தாடை நெஞ்சில முட்டுது. அவருக்கு இண்டைக்கு ஆசீர்வதிக்கிறதுக்கு நாலு பிள்ளையள், எனக்கு இருபத்தொண்டு. பட்டியல் என்ர கையிலதான் இருக்கு, வியர்வையில ஓரம் ஊறிப்போச்சு. மடிச்சு மடியில செருகுவம் எண்டால் மனம் விடுதில்லை, விரிச்சுப் பாப்பம் எண்டால் கண் போய் அந்த ஒரு வரியிலதான் நிக்குது. பதினாலாவது, நிறோஜினி, கார்த்திகை நட்சத்திரம். அதுக்குக் கீழ அதே கையெழுத்தில, இடைவெளி இல்லாத இடத்தில நெருக்கி, கஜரூபன், அத்தம். காலமை வாசலில இதைத் தந்தது சார்ஜன்ட் சல்டீன். மலாய்க்காரர், எங்களைவிட வடிவாத் தமிழ் பேசுவார், இஞ்ச எல்லாத்துக்கும் மொழிபெயர்ப்பு அவர்தான். தாளைத் தந்திட்டு என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னார், "ஐயா, புள்ளைகள் இருபத்தொண்டு. பேர் இருபத்திரெண்டு இருக்கு. நான் எண்ணல்ல." சொல்லிப்போட்டு பூசைச் சாமான் வந்திட்டுதோ எண்டு பாக்கப் போயிட்டார். நல்ல மனுசன். அவர் எண்ணாமல் விடலாம். நான்தானே வாசிக்க வேணும்.

பிள்ளையள் தங்கட தங்கட பேரும் நட்சத்திரமும் மட்டும் எழுதுங்கோ எண்டு சொல்லித்தான் தாளைக் குடுத்திருக்கினம். எங்கட சனத்துக்கு அது நடக்கிற காரியமோ. அருச்சனைக்குப் பேர் சொல்லச் சொன்னால் தன்ர பேரோட நிப்பாட்டின ஆளை நான் நாற்பது வருசத்தில காணேல்ல. புருசன், பிள்ளை, வெளிநாட்டில இருக்கிற தம்பி, தம்பியின்ர பெஞ்சாதி, அவவின்ர வயித்தில இருக்கிற குழந்தைக்கும் சேத்து எண்டுவினம். இருபது பேர் அடங்கி எழுதியிருக்கினம் எண்டதுதான் அதிசயம், பயிற்சி எண்டால் இதுதானாக்கும். இந்த முகாமுக்குப் பொறுப்பான கேணல் போன மாசம் கோயிலுக்கு வந்தவர். சப்பாத்தை வெளி வாசலிலையே கழட்டிப்போட்டு, சேட்டையும் கழட்டி, ஆரும் சொல்லாமலே. முதுகில தோளுக்குக் கீழ ஒரு நீள வடு. அதை ஆர் போட்டது எண்டு நானும் கேக்கேல்ல, அவரும் சொல்லேல்ல. திருநீறு கேட்டு வாங்கிப் பூசினார். பிறகு மண்டபத்தில இருந்து சல்டீனை வைச்சுக் கதைச்சார். சண்டை முடிஞ்சு போச்சு, இனி இது எல்லாரின்ரயும் படை, தமிழ்ப் பிள்ளையள் சேருகினம், அவை தங்கட சாமியை வாசலில விட்டிட்டு உள்ள வரக்கூடாது, கொண்டுதான் வரவேணும் எண்டார். தன்ர படையில ஒவ்வொருத்தரும் தங்கட சமயத்து ஆசீர்வாதத்தை வாங்கின பிறகுதான் சத்தியம் எடுக்கலாம், அது இல்லாத சத்தியத்தைத் தான் கணக்கில எடுக்கமாட்டன் எண்டும் சொன்னார். ஒருத்தருக்குத் தடை இருந்தால் அடுத்த முறை எடுக்கட்டும், ஆறு மாசம் நிண்டுபோட்டு. நான் ஆளைப் பாத்துக்கொண்டிருந்தன். நடிப்பில்லை. அந்த மனுசன் நம்புறார். சாமியளையெல்லாம் ஒரு பந்தலுக்குக் கீழ கதிரை போட்டு இருத்தினால் சனமும் ஒண்டா இருக்கும் எண்டு உண்மையாவே நம்புறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிச்சதுக்கு வெக்கமா இருந்தது, என்னட்டை அதைவிட நல்ல யோசினை ஒண்டும் இல்லையே. சரி எண்டு சொன்னன். ஊரில நாலு பேர் நாலு விதமாக் கதைச்சினம், குருக்கள் ஆமிக்குக் காப்புக் கட்டப் போறார் எண்டு. நான் ஆமிக்குக் கட்டேல்ல, பிள்ளையளுக்குத்தான் கட்டுறன் எண்டன். அது வாதத்துக்குச் சொன்னது. காலமை குளிச்சுப்போட்டு வேட்டியை உடுக்கேக்க அப்பிடி ஒண்டும் தெளிவா இருக்கேல்ல. நிறோஜினி எனக்கு முன்னால மூண்டாவது வரிசையில ஓரத்தில நிக்கிறாள். எல்லாருக்கும் ஒரே பச்சை உடுப்பு, ஒரே தொப்பி, கொண்டை ஒரே அளவு. ஆனாலும் ஆளைத் தெரியுது, கழுத்தை ஒரு பக்கம் சரிச்சு நிக்கிறது சின்னனிலை இருந்து. சேரமுந்தி வெள்ளிக்கிழமை பின்னேரம் தனிய வந்தாள். "ஐயா, பூக் கட்டிப் பாக்கவேணும்" எண்டாள். ஏன் பிள்ளை எண்டன். "ஆமியில பொம்பிளைப் பிள்ளையளைச் சேக்கினம். நான் போகப்போறன். வெளியில நிண்டு எத்தினை வருசத்துக்கு மனு எழுதுறது. உள்ள போனால்தானே எந்த முகாமில ஆரை வைச்சிருக்கினம் எண்டு தெரியவரும். அண்ணாவை நான் தேடி எடுப்பன் ஐயா." குரலில அழுகை இல்லை. கடைக்குப் போட்டு வாறன் எண்ட மாதிரித்தான் சொன்னாள். இருபத்தொரு வயசு. அப்பவே நான் சொல்லியிருக்க வேணும்.

சொல்லேல்ல. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் ரண்டு வெத்திலையில சுத்தி, நூலால கட்டி, அம்மனுக்கு முன்னால வைச்சன். என்ர வாயால சொல்லவேண்டியதை பூவிட்டை விட்டன், அதுதான் நான் செய்தது. சிவப்பு வந்தால் போகமாட்டாள், நானும் தப்பினன் எண்டு நினைச்சன். பூசகனுக்கு வரக்கூடாத நினைப்பு அது, அம்மனை என்ர வேலைக்குப் பிடிச்சு விடுற நினைப்பு. அவள் எடுத்தது வெள்ளை. கண்ணில ஒத்திக்கொண்டு போயிட்டாள். இண்டைக்குச் சத்தியம் எடுத்தாளெண்டால் பன்னிரண்டு வருசம், நடுவில விட்டிட்டு வரேலாது, வந்தால் பிடிச்சு உள்ளுக்குப் போடுவினம். இல்லாத ஆளைத் தேடி பன்னிரண்டு வருசம். அந்தப் பெடியனை நான்தான் மண்ணில வைச்சனான். இதை மனசுக்குள்ள சொல்லேக்கயே இப்பவும் ஆரும் கேட்டிடுவினமோ எண்டு திரும்பிப் பாக்கிறன். பாதர் நித்திரை, மௌலவி தொப்பியைச் சரிப்படுத்திறார். சண்டையின்ர கடைசி நாட்கள், கடற்கரை, மண்ணும் தறப்பாளும் சனமும். கஞ்சிக்கு வரிசை. கஜரூபன் எனக்கு அஞ்சாறு பேர் முன்னால அலுமினியச் சட்டியோட நிண்டவன். என்னைக் கண்டிட்டு, "ஐயா நீங்கள் முன்னுக்கு வாங்கோ, வயசானவர்" எண்டு தன்ர இடத்தைத் தந்திட்டுப் பின்னுக்குப் போனான். செல் குண்டு பின்னுக்குத்தான் விழுந்தது. எங்கயிருந்து வந்தது எண்டு கேக்க அப்ப ஒருத்தருக்கும் நேரமில்லை. நான் மண்ணுக்குள்ள முகத்தைப் புதைச்சுக் கிடந்து, பிறகு எழும்பி, பிறகு என்ர சால்வையால அவனை மூடினன். இன்னும் மூண்டு பேரையும் அவனையும் ஒரு பங்கர் கிடங்கில வைச்சு மண்ணைத் தள்ளினம். எனக்கு மந்திரம் வரேல்ல. நாற்பது வருசமாச் சொன்ன மந்திரம், ஒரு எழுத்தும் வரேல்ல. அவன்ர இடத்தில நிண்டு நான் வாங்கின கஞ்சியைப் பிறகு குடிச்சனான். அதையும் சொல்லத்தான் வேணும், குடிச்சனான். அதுக்குப் பிறகு முள்ளுக்கம்பிக்கு உள்ளுக்க இருந்த அகதி முகாமில தாய் தவமலர் என்னைத் தேடி வந்தா. "ஐயா, கஜனைக் கண்டனீங்களோ? சனத்தோட வந்தவனோ?" பின்னால அந்தப் பிள்ளை, கழுத்தைச் சரிச்சுக்கொண்டு. நான் "கூட்டத்துக்க காணேல்ல" எண்டன். ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு எத்தினையோ தரம் யோசிச்சுப் பாத்திட்டன். அவவின்ர முகம் ஒரு காரணம், கஞ்சி ஒரு காரணம். எந்தக் காரணத்தைப் பிடிச்சாலும் அடியில பயம்தான் கிடக்குது. காணேல்ல எண்டதை அவ, அப்ப இருக்கிறான் எண்டு எடுத்துக்கொண்டா. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்கு வருவா. "கஜரூபன், அத்த நட்சத்திரம், கன்னி ராசி ஐயா." நானும் செய்தன். ஆயுளும் ஆரோக்கியமும் குடு எண்டு, நானே மண் தள்ளின பெடியனுக்கு. செத்தவருக்கு மோட்ச விளக்கு, உயிரோட இருக்கிறவருக்கு அருச்சனை, இது கோயில் வாசலில கச்சான் விக்கிற மனுசிக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டு செய்தன். முதல் வெள்ளி அவன்ர நட்சத்திரத்தைப் பிழையாச் சொன்னன். பிறகு பிறகு பிழைக்கேல்ல. அதை நினைச்சால்தான் எனக்கு இப்ப பயமா இருக்கு.

ஓதல் வேகம் பிடிக்குது, முடியப்போகுதாக்கும். தவமலர் அங்கால பெற்றோருக்குப் போட்ட நீலப் பந்தலில இருக்கிறா, முன் வரிசை, மடியில கைப்பை, எண்ணெய் வைச்சு வாரின தலை. காலமை என்னைக் கண்டிட்டு எழும்பி நிண்டு கும்பிட்டா. அவ இந்தப் பொய்யிலதான் சாப்பிடுறா, நித்திரை கொள்ளுறா, வெள்ளிக்கிழமை தலை முழுகிறா. அதைப் பிடுங்க நான் ஆர். பிடுங்காமல் விட நான் ஆர். இப்பிடித்தான், சுத்திச் சுத்திச் செக்குமாடு மாதிரி இதே இடத்துக்கு வந்து நிப்பன். பேரை வாசிச்சுவிடுறது லேசு. இன்னும் ஒரு அருச்சனை, அவ்வளவுதானே. கேணலுக்கு என்ன தெரியப்போகுது, இருபத்தொண்டோ இருபத்திரண்டோ. ஆனால் கொஞ்சம் தள்ளி வெள்ளைச் சேட்டோட ஒருத்தன் நிக்கிறான், ஒரு கொப்பியோட, புலனாய்வு ஆளாக்கும். அவனுக்குத் தமிழ் தெரியும் எண்டு என்ர மனம் சொல்லுது. கஜரூபன் ஆர், எங்க எண்டு கேட்டால்? சரி, அவனுக்குப் பயந்து விட்டன் எண்டு சொல்லிக்கொண்டு பேரை விட்டிடலாமோ? அதுவும் ஒரு வழிதான். பேரை விட்டிட்டு, பிறகு கேட்டால் "மறந்து போனன் பிள்ளை, வயசாகுது" எண்டு சொல்லலாம். அவளும் நம்புவாள். நம்பிக்கொண்டு கையை உயத்திச் சத்தியம் எடுப்பாள். ஒவ்வொரு வழியும் போய் முடியிறது அந்தப் பன்னிரண்டு வருசத்திலதான், வாயைத் திறக்கிற வழி ஒண்டைத் தவிர. சங்கற்பத்தில ஒரு வரி வரும், க்ஷேம ஸ்தைர்ய வீர்ய விஜய எண்டு. வயித்துக்குத்துக்கு அருச்சனை செய்ய வாற கிழவிக்கும் வீரமும் வெற்றியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம், இவ்வளவு காலமும் அதை நான் கவனிச்சதே இல்லை. இண்டைக்குத்தான் அது பொருத்தமான ஆக்களுக்குச் சொல்லுப்படப்போகுது. நாலு வருசத்துக்கு முதல் மற்றப் பக்கத்தில நிண்ட பிள்ளையளும் இதே மந்திரத்தைக் கேட்டு, இதே திருநீறைப் பூசிக்கொண்டுதான் போனவை, நான்தான் பூசிவிட்டனான். மந்திரத்துக்குப் பக்கம் இல்லை எண்டு பெருமையாச் சொல்லலாம். இல்லை எண்டால், ஆர் வந்து கையை நீட்டினாலும் கட்டிவிடுறவன் எண்டும் சொல்லலாம். எனக்கு இந்தப் படையைக் கட்டவும் தெரியாது, உடைக்கவும் தெரியாது. என்ர கையில இருக்கிறது இருபத்தொரு மஞ்சள் நூல். "சாது சாது சாது" எண்டு எல்லாரும் கை குவிக்கினம். பாதர் திடுக்கிட்டு எழும்பி, "முடிஞ்சுதோ?" எண்டு கேட்டார். "அவை முடிச்சிட்டினம், இனி நான்" எண்டன். எழும்பேக்க கால் மடிஞ்சுது. சல்டீன் ஓடி வந்து தோளைப் பிடிச்சார். "மெதுவா ஐயா." அவரின்ர கை சூடா, நல்ல உறுதியா இருந்தது.

கும்பத்துக்கு முன்னால தரையில இருந்த உடன என்ர உடம்பு எனக்குத் திரும்பி வந்திட்டுது. மைக்கை வாய்க்குக் கிட்ட வைச்சினம். விநாயகரைத் தொட்டு, சங்கற்பத்தை எடுத்து, பேர் வாசிக்கத் தொடங்கினன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பூ. குரல் பந்தலைத் தாண்டிப் போய், மதிலில பட்டுத் திரும்பி வந்தது. பன்னிரண்டு, பதின்மூண்டு. நிறோஜினி, கார்த்திகை நட்சத்திரம், இடப ராசி. பூ போட்டன். அடுத்த பூ கையில. அத்தம் எண்ட சொல்லு பழக்கத்தில நாக்கு நுனிக்கு வந்திட்டுது, வெள்ளிக்கு வெள்ளி வந்த சொல்லுத்தானே. பல்லைக் கடிச்சன். மைக்கில என்ர மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அடுத்த பிள்ளையின்ர பேரைச் சொன்னன். நிமிரேல்ல. இருபத்தொண்டும் முடிஞ்சு, கற்பூரம் காட்டி, நூல் தட்டோட எழும்பினன், சல்டீன் பக்கத்தில வந்தார். பிள்ளையள் வரிசையா இடக் கையை நீட்டுகினம். உழைச்சுக் காய்ச்ச கையள், விரல் மொழியெல்லாம் துவக்குத் துடைச்ச மண்ணெண்ணெய் மணம். ஒண்டொண்டாக் கட்டிக்கொண்டு வந்தன். அவளிட்டை வந்தன். கையை நீட்டிக்கொண்டுதான் நிண்டாள். வாய் அசையாமல், காத்து மாதிரிக் கேட்டாள், "ஐயா, அண்ணான்ர பேரை விட்டிட்டீங்கள்." மறந்து போனன் பிள்ளை எண்டு சொல்லுற வசனம் தொண்டைக்குள்ள தயாரா நிண்டது. வயசும் எனக்கு இருக்கு, ஆரும் பிழை சொல்லமாட்டினம். நான் சொன்னன், "மறக்கேல்லப் பிள்ளை." அவள் என்னைப் பாத்தாள். கழுத்து மெதுமெதுவா நேரானது. "நீங்கள் கண்டனீங்களோ?" "என்ர கையாலதான் மண் போட்டனான். கஞ்சி வரிசையில. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும், பயந்து போனன். நான் பாவி, பிள்ளை." அவள் அழேல்ல. எனக்கு ரண்டு கன்னத்தையும் பிடரியையும் சேத்து அறைஞ்சிருந்தால் நல்லா இருந்திருக்கும், அதுவும் செய்யேல்ல. நீட்டின கையைப் பாத்தாள், என்ர கையில கிடந்த நூலைப் பாத்தாள். சாவு எப்ப நடந்தாலும் சேதி காதில விழுந்த நேரத்தில இருந்துதான் துடக்கு, துடக்கோட காப்புக் கட்டேலாது. நான் நினைச்சு முடிக்க முந்தி அவள் கையை மெல்ல உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள். "எனக்குக் கட்டாதேங்கோ ஐயா" எண்டாள். சல்டீன் குனிஞ்சு, "என்ன ஐயா, என்ன பிரச்சினை?" எண்டு கேட்டார். "இந்தப் பிள்ளைக்குக் காப்புக் கட்டேலாது. துடக்கு. வீட்டில சாவு." "காப்பு இல்லாட்டி இன்னைக்கு சத்தியம் எடுக்க ஏலாதே. கேணல் கேட்பார். எப்ப ஐயா மௌத்தானது?" "இப்பதான்" எண்டன். சல்டீன் அவளைப் பாத்தார், என்னைப் பாத்தார், தட்டில கிடந்த பேர்த் தாளைப் பாத்தார். பிறகு ஒரு அடி பின்னுக்கு எடுத்து வைச்சு அவளுக்கு வழி விட்டார். அவள் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, வரிசையை விட்டு வெளியில வந்து, நீலப் பந்தல் பக்கம் நடந்தாள். எல்லாம் முடிஞ்சுதாக்கும் எண்டு நினைச்சு தவமலர் சிரிச்சுக்கொண்டு எழும்பினா.